மொய் நோட்டும் நீ அனுப்பிய படமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் தைலம் போதும் என்கிறாள். போன வாரம் நம் பக்கம் ஒரு மழை பெய்தது, ஒரு உழவுக்குக் காணாது.

போனில் பேசாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். சில விஷயங்களை மகளிடம் முகம் பார்த்துப் பேச எனக்கு நாக்கு எழாது. "பொண்ணு ஸ்வீடன்ல என்ன படிக்குது?" என்று கேட்கிறவர்களிடம் மூன்று வருஷமாக "கம்ப்யூட்டர் கணக்கு" என்றே சொல்லி வந்திருக்கிறேன். பால்வினை நோய் யாரிடமிருந்து யாருக்கு எந்த வழியில் போகிறது என்று பார்க்கிறாள் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? என் கோழைத்தனம்தான், வேறென்ன.

புள்ளியும் கோடுமாக நீ அனுப்பிய படத்தை உசிலம்பட்டி ஜெராக்ஸ் கடையில் பெரிசாகப் பிரிண்ட் எடுத்தேன். கடைப் பையன் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா, கோலமா?" என்றான். ஆமாம் என்றுவிட்டேன்.

ஆனால் பாப்பா, அந்தப் படம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நாற்பது வருஷம் மொய் எழுதியவன் நான். யார் யாருக்குச் செய்தார்கள், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் கோடு போகிறது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு வீட்டு நோட்டைப் பார்த்தால் அந்த வீடுதான் தெரியும், ஊர் தெரியாது. எல்லா வீட்டு நோட்டையும் ஒன்றாக விரித்தால்தான் ஊர் தெரியும். உன் படத்தில் இருக்கிற அந்த அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் செய்ததும் அதுதானே? பள்ளிக்கு ஜெஃபர்சன் என்று பொய்ப் பேர் வைத்துக்கொண்டு, பதினெட்டு மாசத்தில் யார் யாரோடு காதல், உறவு என்று பழகினார்கள் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டிருக்கிறார்கள். கேட்டது மனுசன் இல்லை, காதில் மாட்டிய ஹெட்போன். பதிலைப் பிள்ளைகளே கம்ப்யூட்டரில் தட்டினார்களாம். அதனால்தான் உண்மை வந்திருக்கிறது. மொய் எழுதுகிறவனுக்கும் அது தெரியும். பக்கத்தில் ஆள் நின்றால் எவனும் தொகையைச் சத்தமாகச் சொல்லமாட்டான்.

பியர்மன், மூடி, ஸ்டோவல் மூன்று பேரும் 2004-ல் அதை வெளியிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் ஆச்சரியம், 288 பிள்ளைகள் ஒரே சரத்தில் கோத்திருப்பது. நடுவில் பெரிய கை என்று யாரும் இல்லை. பாதிக்கு மேல் ஒரு கோடு, இரண்டு கோடு உள்ளவர்கள்தான். ஆனாலும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக 37 கை மாற வேண்டும். மாட்டுத்தாவணிப் பூக்கடையில் அளந்து கொடுக்கிற மல்லிகைச் சரம் மாதிரி நீளமாகக் கிடக்கிறது. எங்கே ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் சரம் இரண்டாகிவிடும்.

நீ இருக்கிற ஸ்வீடனில் 1996-ல் எடுத்த கணக்கில், 2,810 பேர் பதிலைப் பார்த்தபோது, வேறு மாதிரி வந்தது என்றாயே. நிறையப் பேருக்குச் சில கோடு, சிலருக்கு மட்டும் ஏகப்பட்ட கோடு. அது அசல் மொய்தான்! முக்கால்வாசிப் பேர் நூற்றியொன்று, இருநூற்றியொன்று என்று எழுதிப் போவார்கள். திடீரென்று ஒருத்தர் கார் விட்டு இறங்கி அம்பதாயிரம் எழுதுவார். அங்கே சராசரி போட்டால் அது யாருக்கும் பொருந்தாது. அந்த ஊரில் அந்தச் சில பேரைத் தேடிப் பிடித்து வைத்தியம் பார்த்தால் பாதி வேலை முடியும். ஜெஃபர்சனில் தேடிப் பிடிக்க யாரும் இல்லை, எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். நோய் ஒன்றாகவே இருந்தாலும் கோலத்தைப் பொறுத்து வேலை மாறுகிறது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

அந்தப் பிள்ளைகளிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்ததாம். தன்னை விட்டுப்போனவன் இப்போது எவளோடு இருக்கிறானோ, அவளுடைய பழைய பையனோடு இவள் சேரமாட்டாள். சேர்ந்தால் மிச்சத்துக்கு நின்ற மாதிரி. அதனாலேயே கோடு திரும்பி வந்து மூடாமல் நீண்டுகொண்டே போகிறது. நம் பக்கம் இதற்கு நேர் எதிர். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது, மாமன் மகள், அத்தை மகன் என்று எல்லாக் கோடும் சுற்றி வந்து மூடிக்கொள்ளும். இதை உன் பெரியப்பாவிடம் சொல்லிவிடாதே. "பார்த்தியா, அமெரிக்காக்காரனே சொந்தத்துல கட்டச் சொல்லிட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாணக் கோடு மூடியிருந்தால் மற்றக் கோடுகளும் மூடியிருக்கும் என்று யார் சொன்னது.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

வடக்குத் தெரு லாரி டிரைவர் உனக்கு ஞாபகம் இருக்காது. 1999-ல் எய்ட்ஸ் வந்து உருகி உருகிச் செத்தான். பிறகு அவன் சம்சாரத்துக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. இவளால்தான் அவன் போனான் என்றது ஊர். அந்தப் பிள்ளை வாய்க்காலைத் தாண்டி எங்கும் போனதில்லை. உன் படத்தில் ஓரமாக ஒற்றைக் கோட்டோடு நிற்கிற புள்ளிகள் இருக்கிறதே, அந்த மாதிரி. அவளுக்கு ஒரே கோடு, அது புருசன். அவனுக்குப் பின்னால் எத்தனை கோடு, அதற்குப் பின்னால் எத்தனை, அவளுக்கு எப்படித் தெரியும்? தான் எத்தனை பேரோடு இருந்தோம் என்பதல்ல, சரத்தில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் கணக்கு என்று நீ எழுதிய வரியை நாலு தடவை படித்தேன்.

2001 தை மாசம், உன் பெரியப்பா மூத்த மகளுக்குக் கல்யாணம். நான்தான் மொய். நோட்டில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள், பக்கத்தில் தாம்பாளம். அவள் வரிசையில் வந்து நின்றாள். கையில் மடித்த அம்பது ரூபாய் நோட்டு, மேலே ஒரு ரூபாய்க் காசு. நான் எழுத ஆரம்பித்தேன். அவள் தலைக்கு மேலே, பந்தி வாசலில் நின்ற உன் பெரியப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் பேனாவை மூடிவிட்டு, "சில்லறை இல்லத்தா, பொறு" என்றேன்.

"அம்பத்தொண்ணுதாண்ணே. சரியா இருக்கே" என்றாள்.

நான் நிமிரவில்லை. பின்னால் நின்றவர் பணத்தை நீட்டினார், வாங்கினேன். அவள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

பணத்தைத் தொட்டு எதுவும் வராது என்று எனக்கு அப்போதே தெரியும். வீட்டுக்கு வீடு வந்து சொன்னார்கள், சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

1984-ல் அமெரிக்காவில் நாற்பது எய்ட்ஸ் நோயாளிகளைக் கோடு போட்டு இணைத்த கதை சொன்னாயே. கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்று ஒருத்தருக்கு 'ஓ' என்று இங்கிலீஷ் எழுத்துப் போட, மற்றவர்கள் அதைப் பூஜ்ஜியம் என்று படித்து, எல்லாம் அவரிடமிருந்துதான் ஆரம்பம் என்று பழி போட்டார்கள். ரத்தத்தை ஆராய்ந்து அவர் ஆரம்பம் இல்லை என்று சொல்ல 2016 ஆனது. உன் அப்பத்தா காலத்தில் மேகப்புண்ணைப் பரங்கிப்புண் என்பார்கள், பரங்கியன் கொண்டுவந்தது என்று. இத்தாலிக்காரன் அதைப் பிரெஞ்சு வியாதி என்றானாம். எவன் கொண்டுவந்தான் என்று கேட்காத ஊர் கிடையாது. எங்கள் ஊர் ஒரு பொம்பளையைக் காட்டியது.

அவள் இருக்கிறாள். 2004-ல் அரசாங்கம் அந்தக் கிருமியை அடக்குகிற ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததே, அதைப் பிடித்துக்கொண்டாள். மாசா மாசம் மதுரைக்குப் போய் வாங்கிவருவாள். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி காட்டாத அளவுக்கு இறங்கிவிட்டால் உறவு வழியாகவும் பரவாது என்கிறாய். அவள் வழியாகப் போகிற நூல் அறுந்துவிட்டது, ஆள் அறுந்துபோகவில்லை.

போன வாரம் பெரியப்பா திரும்பச் செய்ய வேண்டிய மொய் பார்க்கப் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினார். நான் 2001 நோட்டை எடுத்துப் பார்த்தேன். 147-ம் எண்ணுக்கு நேரே ஊர்ப்பேரும் அவள் பேரில் முதல் எழுத்தும் என் கையெழுத்தில் இருக்கிறது, அதை அடித்து ஒரு கோடு. அதற்குக் கீழே அதே எண்ணைப் போட்டு அடுத்த ஆளை எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஆராய்ச்சியில், கேட்கிறவன் எழுதாமல் விட்ட கோடுகளை என்ன செய்வீர்கள்? அதற்கு ஏதாவது கணக்கு இருந்தால் எழுது. போனில் வேண்டாம்.

அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா