முதலில் ஈறு, பிறகு பல்

சுவாமிமலை,
மாசி 12

அன்புள்ள ராஜத்துக்கு,

நலம். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. மழை மட்டும் இப்போது வராமல் இருக்க வேண்டும்.

கீழ்வரிசையில் வலப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்துவிட்டார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும், என் நாக்கு தானாக இடப்பக்கத்துப் பள்ளத்தைத் தடவியது. எனக்கு அங்கே பல் போய் மூன்று வருடம் ஆகிறது. உன் மகன் உடனே இம்ப்ளாண்ட், அதுதான் தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் புதுப்பல், வைத்துவிடலாம் என்கிறானாம். அவசரப்படாதே. முதலில் உன் ஈறுகளைப் பார்க்கச் சொல்.

எனக்கு வலித்திருந்தால் முன்பே போயிருப்பேன். வலிக்கவே இல்லை. பல் துலக்கும்போது ரத்தம் கசியும். உடம்புச் சூடு என்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன். பல் ஆடிய பிறகுதான் போனேன். மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஈறுக்குள் இறக்கி எண்ணைச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு, மூன்று, மூன்று, ஆறு, ஏழு. மூன்று வரை சரியாம். ஆறும் ஏழும் என்றால் அடியில் எலும்பு கரைந்திருக்கிறது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள் வேர்வரை சுரண்டினார்கள். பல்லில் படிந்திருந்து தட்டில் விழுந்த காரைத் துண்டைப் பார்த்தேன். சுண்ணாம்புக் கரண்டகத்தின் விளிம்பில் கெட்டிப்பட்டிருக்குமே, அப்படித்தான் இருந்தது, நிறம் மட்டும் கறுப்பு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை இறங்க அடம்பிடிக்கும் என்றார். மூன்று மாதச் சராசரி 9.2-லிருந்து 7.4-க்கு வந்த பிறகுதான் புதுப்பல் பற்றிப் பேசவே செய்தார். உனக்கும் சர்க்கரை உண்டே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

என் நாத்தனாருக்கு ஓர் இடத்தில் ஈறுகளைக் கவனிக்காமலே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்தார்கள். இரண்டே வருடத்தில் சுற்றிலும் சீழ் கோத்து, ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

உன் மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. பல் போன இடத்தில் எலும்பு முதல் வருடத்தில்தான் வேகமாகக் குறையும். வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. ஈறு ஆற இரண்டு மூன்று மாதம் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

போனவற்றுக்குப் பின்னால் இன்னொரு பல் நிற்கிறதா? அதை எழுது. நின்றால் இருபக்கப் பற்களையும் தாங்கலாக வைத்து நடுவில் பல் தொங்கும் பிரிட்ஜ் கட்டலாம். பக்கத்துப் பற்களை ராவ வேண்டியிருக்கும். கடைசிப் பல்லே போயிருந்தால் பாலத்துக்கு மறுகரை ஏது? கழற்றி மாட்டும் செட் செலவு குறைவு. நான் நான்கு மாதம் போட்டேன். அடியில் கீரை சிக்கும், கம்பி பிடித்த பல்லின் ஈறு சிவக்கும். மனம் ஒப்பவில்லை.

இம்ப்ளாண்ட் நல்ல வைத்தியம்தான். 1952-ல் ஸ்வீடனில் பிரானமார்க் என்பவர் முயலின் எலும்பில் பதித்த டைட்டானியத்தைக் கழற்ற முடியாமல் போனதில் பிறந்தது என்று, பல் மருத்துவம் படிக்கும் என் பேத்தி சொன்னாள். 1965-ல் மனிதருக்கு வைத்தார்களாம். திருகு எலும்போடு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

எதுவும் வைக்காமல் விடுவதும் ஒரு வழி. அதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்பற்களும் அடுத்துள்ள சிறு கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் பொருந்தினால் பலருக்கு மெல்ல அதுவே போதும். நான் அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். முறுக்கு முடியாது, மற்றதெல்லாம் சாப்பிடுகிறேன். எதிரே பல் இல்லாததால் மேல்பல் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிறேன்.

சீவலை விட்டுவிட்டேன், ராஜம். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கொடிக்காலுக்கு நடுவில் பிறந்தவள் இதை எழுதக் கை கூசுகிறது. சாப்பிட்டதும் வாய் தேடும்போது வெறும் கொழுந்து வெற்றிலை ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொள்கிறேன். நீயும் புகையிலையையும் சீவலையும் நிறுத்து. அண்ணனிடமும் சொல்.

பங்குனியில் வெண்ணெய்த்தாழிக்கு மன்னார்குடி வருகிறேன். அதற்குள் வாய் முழுவதும் ஓர் எக்ஸ்ரே எடுத்து வை. திருவிழா முடிந்த மறுநாள் இருவருமாக மருத்துவரைப் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
கமலா