பாப்பாவுக்கு, நகோயா

அன்புள்ள பாப்பா,

நலம்தானே? அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். வெறும் வயிற்றோடு ரயில் ஏறாதே.

அம்மா அனுப்பிய கிணற்றடிப் படத்துக்கு ஜப்பானிய மொழியில் 'நட்சுகஷீ' என்று ஒரே வார்த்தை போட்டிருந்தாய். அப்புறம் பேச்சே இல்லை. அம்மா அர்த்தம் கேட்டாள். "நம்ம வீட்டு ஞாபகம் வந்துடுச்சாம்" என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை.

பள்ளிக்கூடப் படம், என்றோ கேட்ட பாட்டு, பல வருஷம் கழித்துப் பார்க்கும் சிநேகிதி, இதற்கெல்லாம் ஜப்பானியர்கள் முகம் மலர்ந்து 'நட்சுகஷீ' என்பார்கள். ஆனால் அது முடிந்துபோனதைத் திரும்பிப் பார்க்கிற மலர்ச்சி. பக்கத்தில் இல்லையே என்று ஏங்கினால் 'கொய்ஷீ' என்பார்கள். 'ஃபுருசாதோ கா கொய்ஷீ' என்றால் ஊர் ஏக்கம். என்னிடம் ஜப்பானிய மொழி படித்தவர்களில் முதல் தடவையிலேயே என்-1, அந்த மொழித் தேர்வின் உச்ச நிலை, தேறியவள் நீ ஒருத்திதான், இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் தெரியாமல் போட்டிருப்பாய் என்று எப்படி நினைப்பது? இந்த வீடு உனக்கு முடிந்துபோன விஷயமா?

ஜப்பானின் பழைய பாடல் தொகுப்பான மான்யோஷூவில் யமபே நோ அகஹிதோ என்ற கவிஞரின் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? வயலட் பூப் பறிக்க வசந்தகாலப் புல்வெளிக்குப் போனவர், பிரிய மனமில்லாமல் ராத்திரி அங்கேயே படுத்துவிடுவார். அங்கே வருவதும் 'நட்சுகஷீ'தான்; 8ஆம் நூற்றாண்டில் அதற்குப் பிரிய மனமில்லாத அந்த அர்த்தம்தான். 'நட்சுகு', அதாவது பழகி ஒட்டிக்கொள்வது என்ற வினையிலிருந்து வந்தது. பழசை நினைக்கிற பொருள் பிற்பாடு ஏறியது. நீ அகஹிதோ மாதிரி எழுதியிருந்தால் சரி, எனக்குக் கவலை இல்லை.

அம்மாவை 'சபிஷீ', அதாவது தனிமையாக இருக்கிறது, என்று நான் எழுதக் கூடாது. அடுத்தவர் தனிமை நமக்கு வெளியே தெரிகிற அளவுதான், அதனால் 'கத்தே இரு' என்ற விகுதி சேர்த்து 'சபிஷிகத்தே இரு', தனிமையில் வாடுவதாகத் தெரிகிறது, என்றுதான் எழுத வேண்டும். தெரிவது இதுதான்: உன் நம்பரைப் போடுகிறாள், ஒரு ரிங் போனதும் கட் பண்ணிவிடுகிறாள். வேலையாக இருப்பாயாம். என்னைப் பற்றிச் சொல்ல அந்த விகுதி வேண்டாம். சபிஷீ.

டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. வடகம் பார்சலில் வருகிறது. காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முதலில் அம்மாவிடம் பேசு, நான் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா