அனுமதியா, தண்டனையா? ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் திருத்திப் புதுப்பிக்கும் பணியில் இருக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம்.

ஒரே ஒரு வினைச்சொல்லை முன்வைத்து இந்த மடலை எழுதுகிறேன். 'சாங்ஷன்' என்பது அந்தச் சொல். வங்கியில் கடன் கேட்டுக் காத்திருந்த எவருக்கும் இது புதிதல்ல. கடன் சாங்ஷன் ஆகிறது. விடுப்பு சாங்ஷன் ஆகிறது. காலிப் பணியிடம், பாலம் கட்ட நிதி, வீட்டு இணைப்புக்கு எத்தனை கிலோவாட் மின்பளு என்பது வரை எல்லாமே நம் ஊரில் சாங்ஷன் ஆகிறவைதான். பொதுப்பணியில் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று இரண்டு சாங்ஷன்கள் கைக்கு வந்த பிறகே மண்வெட்டி மண்ணில் இறங்கும். ஆக, இந்தியத் தமிழர் காதில் இது நல்ல சேதி சொல்லும் சொல்.

அதே சொல் உலகச் செய்தியில் வருகிறது. அமெரிக்கா ஒரு ரஷ்ய வங்கியைச் 'சாங்ஷன்' செய்தது என்கிறது செய்தி நிறுவனத்தின் ஆங்கில வரி. அமெரிக்க எல்லைக்குள் அந்த வங்கியின் சொத்து முடங்கிவிட்டது, அமெரிக்கர் யாரும் அதனோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் ஐயம் தீர அகராதியைப் புரட்டுகிறார். அனுமதி, இசைவு, ஒப்புதல், உறுதிப்பாடு, தண்டனை, தடை என்று காற்புள்ளிகளின் துணையோடு எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. எது எங்கே பொருந்தும் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. முதலில் நிற்பதை எடுத்துக்கொள்வது மனித இயல்பு. ரஷ்ய வங்கிக்கு அமெரிக்கா 'அனுமதி' அளித்துவிடுகிறது! இத்தகைய வரிகளைத் திருத்துவதும் என் பிழைப்பின் ஒரு பகுதி. மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. எதிரெதிரான இரண்டு பொருள்களை ஒருபொருட் பன்மொழி போல அடுக்கி வைத்த பதிவுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரு சொல்லுக்குள் இந்த முரண் எப்படி வந்தது? இதற்கு ரோமுக்குப் போக வேண்டும். லத்தீனில் 'சங்கீரே' என்பது மூலவினை. ஒன்றைப் புனிதமாக்கி, யாரும் மீற முடியாததாக நிலைநிறுத்துவது அதன் பொருள். அதிலிருந்து பிறந்தது 'சங்க்துஸ்', அதாவது மீறக்கூடாதது, காக்கப்பட்டது. ஆங்கிலத்தில் புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்' இதன் வழித்தோன்றல். ரோமானியச் சட்டத்தில் நகரின் மதில்களும் வாயில்களும் இந்த வகையைச் சேர்ந்தவை. கோயிலைப் போலத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவை அல்ல; ஆனாலும் யாரும் கைவைக்கக் கூடாதவை. மதிலைத் தாண்டத் துணிந்ததற்காகவே, ரோமை நிறுவிய ரோமுலஸின் உடன்பிறந்த ரெமுஸ் கொல்லப்பட்டான் என்ற பழங்கதையைச் சட்ட அறிஞர்களே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்கள்.

533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூலில் இதற்கான விளக்கம் தெளிவாகவே இருக்கிறது. மதிலுக்குத் தீங்கு செய்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருப்பதால்தான் மதிலை 'சங்க்துஸ்' என்கிறோம். அதே காரணத்தால், சட்டத்தை மீறுவோருக்கு இன்ன தண்டனை என்று கூறும் பகுதியைச் 'சங்க்தியோ' என்கிறோம் என்கிறது அந்நூல். நம் 'சாங்ஷன்' பிறந்த இடம் இதுதான். சட்டத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்டனைக் கூறு அது. அந்தக் கூறு இருப்பதால்தான் சட்டத்துக்கு வலு. அந்தப் பகுதி இல்லாத சட்டங்களும் ரோமில் இருந்தன. அன்பளிப்புகளுக்கு வரம்பு விதித்த கி.மு. 204-ஆம் ஆண்டின் சின்சியச் சட்டம் வரம்பு மீறியவரைத் தண்டிக்கவும் இல்லை, மீறிக் கொடுத்த அன்பளிப்பைச் செல்லாததாக்கவும் இல்லை. அப்படிப்பட்டவற்றை 'நிறைவுறாச் சட்டம்' என்று வகைப்படுத்தினார்கள்.

மார்சியானுஸ் என்ற சட்ட அறிஞர் இன்னொரு விளக்கம் தருகிறார். ரோமானியத் தூதர்கள் தம்மை யாரும் தாக்காதிருக்கச் 'சாக்மினா' என்ற மூலிகைகளைக் கையில் ஏந்திச் செல்வார்களாம். 'சங்க்துஸ்' அதிலிருந்து வந்ததாம். சொல்லாராய்ச்சியில் இது எவ்வளவு தேறும் என்பது வேறு கதை. ஆனால் ஒரு புல்கட்டு ஒருவரைக் காக்கிறது என்றால், தொட்டவனுக்கு என்ன நேரும் என்ற அச்சம்தான் உண்மையில் காக்கிறது. காப்பும் தண்டனையும் அங்கே பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தன.

பிற்பாடுதான் பிரிந்தன. சட்டத்துக்கு வலுவேற்றுவது என்ற பக்கம் தனியாக வளர்ந்து, மேலதிகாரம் ஒன்றை உறுதிசெய்வது, பிறகு ஒப்புதல் தருவது என்று மென்மையானது. நடுவில் அரசாணை என்ற பொருளிலும் சில காலம் வாழ்ந்தது. ஆஸ்திரியாவின் ஆறாம் சார்லஸ், மகன் இல்லாவிட்டால் மகளே ஆட்சியுரிமை பெறலாம் என்று 1713-இல் பிறப்பித்த ஆணைக்கு 'பிராக்மாட்டிக் சாங்ஷன்' என்று பெயர். அதை ஐரோப்பிய அரசுகள் ஏற்கும்படி செய்வதிலேயே அவர் பல ஆண்டுகளைக் கழித்தார். 1740-இல் அவர் இறந்த கையோடு பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக், ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த சிலேசியாவுக்குள் படையோடு புகுந்தார். அந்த ஆணையில் தண்டனைப் பகுதி போதவில்லை போலும்.

ஆங்கிலத்துக்குப் பதினாறாம் நூற்றாண்டில் இது பெயர்ச்சொல்லாக வந்தது. வினையாகப் புழங்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது அதன் பொருள் உறுதிசெய்வதும் ஒப்புதல் தருவதும் மட்டுமே. கம்பெனியும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் அரசும் நம் அலுவலகங்களில் விட்டுச்சென்றது இந்தச் சாங்ஷனைத்தான். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சில மசோதாக்களைக் குடியரசுத் தலைவரின் முன் இசைவு இல்லாமல் சட்டமன்றத்தில் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் அரசமைப்பின் 304-ஆம் உறுப்பிலும் இதே சொல் இதே பொருளில் நிற்கிறது.

தண்டனைப் பக்கம் சட்டத் தத்துவத்தில் ஒதுங்கி உயிர்வாழ்ந்தது. மனிதரை ஒரு நடத்தைக்குக் கட்டிப்போடும் இன்ப துன்பங்களுக்கு ஜெரமி பெந்தம் 1789-இல் இந்தப் பெயரைத்தான் வைத்தார். அது செய்தித்தாளுக்கு வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்தபோது, நவம்பர் 18 முதல் உலக நாடுகள் சங்கம் வணிகத் தடைகளை நடைமுறைப்படுத்தியது. முக்கியமான எண்ணெயைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. 1936 மே மாதம் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது, ஜூலையில் தடைகள் விலக்கப்பட்டன. அந்த முயற்சி தோற்றது, ஆனால் சொல் நிலைத்துவிட்டது. 'தண்டி' என்ற பொருளில் அது வினையாகவே புழங்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். இத்தனைக்கும் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 41-ஆம் உறுப்பில் இந்தச் சொல்லே கிடையாது; 'ஆயுதப்படையைப் பயன்படுத்தாத நடவடிக்கைகள்' என்றுதான் இருக்கிறது.

உங்கள் பதிவில் இந்த வரலாறு முழுவதையும் அச்சிடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருள் இருநூறு ஆண்டுப் பழமை, மற்றது நேற்று வந்தது என்ற செய்தியாவது வாசகருக்குத் தெரிய வேண்டாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் வினையைத் 'தண்டித்தது' என்று எழுதாமல் தப்பிக்க அது ஒன்றே போதும்.

அதைவிட முக்கியமானது செயப்படுபொருள். ஒரு செயலையோ திட்டத்தையோ தொகையையோ சாங்ஷன் செய்தால் ஒப்புதல். ஆளையோ நிறுவனத்தையோ நாட்டையோ சாங்ஷன் செய்தால் தண்டனை. இந்த ஒரு விதி பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும். பெயரெச்சமாக வரும்போதும் அப்படியே: சாங்ஷன் செய்யப்பட்ட பணியிடம் அனுமதி பெற்றது, சாங்ஷன் செய்யப்பட்ட தொழிலதிபர் தடைக்கு உள்ளானவர். அரசு சாங்ஷன் செய்த வன்முறை என்று மனித உரிமை அறிக்கையில் வந்தால், வன்முறைக்கு அரசின் இசைவு இருந்தது என்பதே குற்றச்சாட்டு. அதைத் தலைகீழாக்கி, வன்முறைக்கு எதிராக அரசு நடவடிக்கை எடுத்தது என்று எழுதினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குழப்பத்தின் உச்சம் ஊழல் வழக்குகளில் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவும் (இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 218) பொது ஊழியர் மீதான வழக்குக்கு முன்னதாகச் சாங்ஷன் வேண்டும் என்கின்றன. ஓர் அதிகாரிக்கு எதிராக 'சாங்ஷன் கிடைத்தது' என்று படிப்பவருக்கு அவர் தண்டிக்கப்பட்டுவிட்டார் என்று தோன்றலாம். கிடைத்ததோ வழக்குத் தொடர அனுமதி மட்டுமே. நம் நாளிதழ்கள் இதைச் சரியாகவே எழுதுகின்றன. ஏனென்றால் அது அகராதியிலிருந்து வரவில்லை, நீதிமன்றச் செய்தியாளரின் அனுபவத்திலிருந்து வருகிறது.

தமிழருக்கு இந்த வகைச் சொல் புரியாது என்றும் சாக்குச் சொல்ல வேண்டாம். 'விலக்கு' இருக்கிறதே! வரிவிலக்கு என்றால் கட்ட வேண்டாம் என்ற சலுகை. மதுவிலக்கு என்றால் குடிக்கக் கூடாது என்ற தடை. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது, மதுவுக்குச் சலுகை வந்ததாக யாரும் நினைக்கவில்லை. முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்தே பொருளைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்தத் திறமைக்கு இடம் தரும்படி பதிவை அமையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'தடை' என்ற தனிச்சொல்லிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நூலைத் தடைசெய்வதும், நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்குவதும், ஒருவரைச் சாங்ஷன் செய்வதும் தமிழ்ச் செய்தியில் ஒரே 'தடை'தான். 2023 ஜனவரியில் கனடா மகிந்த ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச உள்ளிட்ட நால்வர் மீது எடுத்த நடவடிக்கையும், 2025 மார்ச்சில் பிரிட்டன் இலங்கையின் முன்னாள் தளபதிகள் மூவர் மீதும் கருணா அம்மான் மீதும் எடுத்த நடவடிக்கையும் தமிழ் வாசகர் பலர் கூர்ந்து படித்தவை. 'தடை' என்று மட்டும் படித்தவருக்கு அந்நாட்டுக்குள் நுழையக் கூடாது என்பது புரியும். சொத்து முடக்கமும் அதில் அடங்கும் என்பது புரியாது. 'தடைப் பட்டியலில் சேர்' என்பதை ஆளுக்கும் நிறுவனத்துக்கும், 'பொருளாதாரத் தடை விதி' என்பதை நாட்டுக்கும் கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. இதைவிட நல்லது உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியே.

கீழ்க்காணும் வரைவைப் பரிசீலியுங்கள்:

சாங்ஷன், வினை. 1. (செயல், திட்டம், தொகை, பதவி ஆகியவற்றுக்கு) அதிகாரபூர்வமாக ஒப்புதல் அளி, அனுமதி வழங்கு. 18-ஆம் நூற்றாண்டு முதல். 2. (ஆள், நிறுவனம், நாடு ஆகியவற்றின் மீது) தண்டனை நடவடிக்கை எடு. தடைப் பட்டியலில் சேர். பொருளாதாரத் தடை விதி. 20-ஆம் நூற்றாண்டு முதல். குறிப்பு: இவ்விரண்டும் எதிர்ப்பொருள்கள், செயப்படுபொருளைப் பார்த்துத் தேர்க. பெயர்ச்சொல்லாகப் பன்மையில் வந்தால் பெரும்பாலும் இரண்டாம் பொருள்.

அச்சில் இது ஏழெட்டு வரிக்கு மேல் போகாது. இடம் இல்லை என்றால், இப்போதுள்ள பதிவில் 'இசைவு', 'உறுதிப்பாடு' இரண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் குறிப்பை மட்டுமாவது சேருங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட ஓர் அகராதி வாசகர்