கட்டைக் குலைக்காதீர்கள்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கடிதங்களை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

முன்னோரின் உள்நாட்டுப் போர்க்காலக் கடிதங்களைப் பெட்டிகளில் காத்துவரும் குடும்பத்தாருக்கும், அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவரும் வணிகர்களுக்கும் வணக்கம்.

ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் வெளியிடும் பழைய கையெழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். உங்கள் முன் வைக்க என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டிலிருந்து போர்வீரன் எழுதியவற்றை மட்டும் உருவி எடுத்து விற்காதீர்கள்.

1861 முதல் 1865 வரை தேதியிட்ட தாள்களுக்கு விலை கிடைக்கும் என்பதையும், மேற்கே குடியேறிய தமையன் நிலவிலை பற்றியும், பேறுகாலத்திலிருந்த மகளுக்குத் தாய் ஆறுதல் சொல்லியும் 1840களில் எழுதியவற்றைப் பலரும் தேடி வருவதில்லை என்பதையும் நான் அறிவேன். ஆனால் போர்முனையிலிருந்து எழுதியவன், அந்தத் தமையனும் தாயும் எழுதுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவன் பெயரளவில் மட்டும் குறிப்பிடும் மாமன் யார், எந்தக் கடனைப் பற்றி அஞ்சுகிறான் என்பதற்கெல்லாம் விடை அந்த விலைபோகாத தாள்களில்தான் இருக்கிறது. நான் படியெடுத்த ஒரு கடிதத்தில், வீட்டுப் பசுவை எக்காரணம் கொண்டும் விற்க வேண்டாம் என்று ஒருவன் மனைவியிடம் மூன்று முறை மன்றாடியிருந்தான். அவள் எழுதிக் கேட்டது என்ன, வீட்டில் அப்படி என்ன நெருக்கடி என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டிலிருந்து போன கடிதங்கள் முகாம்களில் நனைந்தும், சண்டைக்கு முன் எரிக்கப்பட்டும் பெருமளவில் அழிந்துபோனவை. தப்பி வந்த சிலவற்றையாவது அவற்றுக்கு வந்த மறுமொழிகளிடமிருந்து நாம் பிரிக்காமல் இருக்கலாம்.

உறைகளைத் தனியே எடுத்து அஞ்சல்தலை சேகரிப்போருக்கு விற்பதும் இதே இழப்புதான். கையில் அஞ்சல்தலை இல்லாத வீரன், உறைமீது 'படைவீரர் கடிதம்' என்று எழுதி அதிகாரியின் கையொப்பம் பெற்று அனுப்பினால், பெறுபவர் கட்டணத்தைச் செலுத்தி வாங்கிக்கொள்ள 1861 முதல் வழி இருந்தது. அவனுடைய படைப்பிரிவும் அதிகாரியின் பெயரும் பல நேரங்களில் அந்த உறையில் மட்டுமே காணப்படுகின்றன.

ஒரு கடிதம் எதனோடு சேர்ந்து கிடக்கிறது என்பதே அதன் வரலாறாகிவிடும் என்பதற்கு ஸ்பாட்ஸ்வுட் ரைஸின் கடிதங்களை நினைவூட்ட விரும்புகிறேன். மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்து, லிங்கன் அரசின் படையான ஒன்றியப் படையில் சேர்ந்த அவர், 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரின் பென்டன் முகாம் மருத்துவமனையிலிருந்து, இன்னும் அடிமைத்தளையில் இருந்த தம் மகள்களுக்கு, உங்களை மீட்க வருகிறேன் என்று எழுதினார். லிங்கனின் விடுதலை அறிக்கை, பிரிந்துபோன தென்மாநிலங்களைக் குறித்ததேயன்றி ஒன்றியத்திலேயே நீடித்த மிசௌரிக்குப் பொருந்தாததால், தந்தை சீருடை அணிந்த பின்னும் பிள்ளைகள் பிறர் உடைமையாகவே இருந்தனர். மகள்களில் ஒருத்தியான மேரியை அடிமையாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்ற பெண்ணுக்கும், மேரி கடவுள் எனக்குத் தந்த பிள்ளை, எனக்கே உரியவள் என்று அஞ்சாமல் எழுதினார். கிட்டியின் சகோதரர் சினங்கொண்டு, ரைஸை மாநிலத்தைவிட்டே அனுப்ப வேண்டும் என்று படைத்தளபதி ரோஸ்கிரான்ஸுக்கு முறையிட்டு, இக்கடிதங்களையும் உடன் அனுப்பினார். அந்த முறையீட்டோடு அரசு ஆவணங்களுக்குள் போனதால்தான் ஒரு தந்தையின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது. முறையீட்டைத் தள்ளிவிட்டு ரைஸின் தாள்களை மட்டும் படித்தால், அவர் எந்த அதிகாரத்தை எதிர்த்து நின்றார் என்பது பாதிதான் விளங்கும்.

1862ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்த கைம்பெண்களும் மகனை நம்பியிருந்த தாய்மாரும், இறந்தவன் எழுதிய கடிதங்களையே உறவுக்கும் ஆதரவுக்கும் சான்றாக அனுப்பிய கோப்புகள் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு இத்தனை டாலர் அனுப்பியிருக்கிறேன் என்ற ஒற்றை வரிக்காக, மகனின் கடைசிக் கடிதத்தைத் தாய் அரசிடம் கொடுத்திருக்கிறாள். அந்த வரியின் எடை, அவளுடைய விண்ணப்பமும் அருகில் இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

விற்றே ஆக வேண்டிய நிலை உங்களில் சிலருக்கு இருக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டை அவிழ்ப்பதற்கு முன் அது இருந்த வரிசையிலேயே, உறையும் வெற்றுப் பக்கமும் விடாமல், ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுத்து வையுங்கள். முதலில் உங்கள் வட்டார வரலாற்றுச் சங்கத்திடம் கட்டு முழுவதையும் காட்டுங்கள். ஏலத்துக்கு விட்டால் ஒரே தொகுதியாக விடுங்கள். உடன்பிறந்தோர் பாகம் பிரித்துக்கொண்டால், எந்தத் தாள் யாரிடம் போனது என்ற பட்டியலும் முழுக் கட்டின் படங்களும் எல்லார் வீட்டிலும் இருக்கட்டும்.

நன்றியுடன்,
கடிதங்களைப் படியெடுக்கும் ஒரு தன்னார்வலன்