மார்மன் இளைஞர்கள் பற்றிய கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்காசிய நாடுகளில் இயங்கும் கிறித்தவ ஊழியக் குழுக்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையில், வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்து சைக்கிளில் சென்று மதப் பிரசாரம் செய்யும் மார்மன் இளைஞர்கள் (மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறித்தவச் சபை), 'அமெரிக்கச் சம்பளத்தில் ஊர் சுற்றும் முகவர்கள்' என்று குறிப்பிடப்பட்டிருந்தனர். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். அதன் வேதநூலை ஏற்றுக்கொண்டவனும் அல்லன். ஆனால் பணி நிமித்தம் ஜப்பானின் நகோயா நகரில் வாழ்ந்தபோது, எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இந்த இளைஞர்கள் மாறி மாறிக் குடியிருந்தார்கள். அவர்களோடு பழகியவன் என்ற முறையில் அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இளைஞர்களை இப்படி ஊழியத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டில் குறை சொல்ல இடமுண்டு; கட்டுரையாளர் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

முதலில் சம்பளம். இவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்காவிலிருந்து புறப்படும் இளைஞரோ அவருடைய குடும்பமோதான் மாதந்தோறும் சபைக்குப் பணம் கட்டுகிறார்கள். நெடுங்காலம் 400 டாலராக இருந்த அந்தத் தொகை 2020 ஜூலையிலிருந்து 500 டாலர் ஆனது. விலைவாசி மிகுந்த டோக்கியோவுக்குப் போகிறவரும் செலவு குறைந்த ஊருக்குப் போகிறவரும் கட்டுவது ஒரே தொகை. அந்தப் பொது நிதியிலிருந்துதான் வாடகையும் சாப்பாட்டுச் செலவுக்கான சிறு தொகையும் வருகின்றன. ஊர் சுற்றுவது என்று சொல்வதற்கும் ஆதாரமில்லை, ஏனெனில் எந்த நாட்டுக்குப் போவது, எந்த மொழியைப் படிப்பது, எந்த நாளில் புறப்படுவது என்பவற்றை சால்ட் லேக் சிட்டியிலுள்ள தலைமையகமே முடிவு செய்து அனுப்புகிறது. ஊழியக் காலம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம்.

அந்த மாதங்கள் எப்படிக் கழிகின்றன என்பதைக் கட்டுரையாளர் விசாரித்திருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார். ஜப்பானுக்கு ஒதுக்கப்படும் அமெரிக்க இளைஞர், பொதுவாக யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரிலுள்ள பயிற்சி மையத்தில் சுமார் ஒன்பது வாரம் மொழி பயின்று, அரைகுறை ஜப்பானிய மொழியோடு வந்து இறங்குகிறார். காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, வேத வாசிப்பு, மொழிப்பாடம் முடித்து முற்பகலில் வெளியே கிளம்பினால், இரவு ஒன்பது மணி வாக்கில்தான் திரும்புவார். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். தனியாக எங்கும் போகக் கூடாது. கூட ஒரு துணை ஊழியர் எப்போதும் இருப்பார். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இவருக்கு இல்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்ற அறிவிப்பில் துணையோ ஊரோ மாறலாம். சினிமா, தொலைக்காட்சி, காதல் எதற்கும் அனுமதியில்லை. துணி துவைக்கவும் முடி வெட்டிக்கொள்ளவும் கடைக்குப் போகவும் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது 2019 பிப்ரவரிக்கு முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே. அதன்பிறகே வாரந்தோறும் பேச அனுமதித்தார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் காக்கும் விரதத்தை இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

இவ்வளவுக்கும் பிறகு அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மறுப்புதான். நகோயாவின் அடுக்ககங்களில் யாரும் கதவைத் திறந்து விரட்டுவதில்லை. வாசலிலுள்ள ஒலிபெருக்கியிலிருந்து மிகவும் மரியாதையான குரலில் 'இப்போது வசதிப்படாது' என்று பதில் வரும். ரயில் நிலைய வாசலில் அவர்கள் விநியோகித்த துண்டுச்சீட்டுகள் இலவச ஆங்கில வகுப்புக்கானவை. வகுப்புக்கு வந்த முதியவர்கள் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு, பிரசங்கத்தைச் சிரித்த முகத்தோடு விட்டுவிட்டுப் போவார்கள். காபி, தேநீர், மது, புகையிலை ஆகியவற்றைச் சபை தடை செய்திருக்கிறது. விருந்தாளி வந்தவுடன் பச்சைத் தேநீர் வைக்கும் நாட்டில் இது தினசரிச் சங்கடம். வறுத்த பார்லியில் போடும் முகிச்சா மட்டும் தேயிலை கலவாதது என்பதால் தப்பித்தது. எங்கள் வீட்டில் ஃபில்டர் காபியை மறுத்ததில் என் மனைவிக்கு வருத்தம்தான். மோர் கொடுத்தோம், இரண்டு தம்ளர் குடித்தார்கள்.

மதமாற்றத்தால் ஜப்பானியப் பண்பாடு கரைந்துவிடும் என்ற கட்டுரையாளரின் அச்சத்துக்கும் வரலாறு இடம் தரவில்லை. 1901-இல் சபைத் தலைவர்களுள் ஒருவரான ஹீபர் ஜே. கிராண்ட் தலைமையில் நால்வர் யோகோஹாமாவில் வந்திறங்கினார்கள். அவர்களுள் பதின்வயதைக்கூடத் தாண்டாதிருந்த ஆல்மா டெய்லர் 1910 வரை அங்கேயே தங்கி, சபையின் வேதநூலான மார்மன் நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார்; அது 1909-இல் வெளிவந்தது. இருந்தும் 1924-இல் அந்த ஊழியம் மூடப்பட்டபோது ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் இருநூறு பேரைக்கூட எட்டவில்லை. போருக்குப் பின் 1948-இல் மீண்டும் தொடங்கி, 1980-இல் டோக்கியோவில் ஆலயம் கட்டிய பிறகும், ஜப்பானிய மக்கள்தொகையில் அவர்கள் மிகச் சிறிய பகுதியினரே. கட்டுரையில் போகிற போக்கில் சொல்லப்பட்ட பலதார மணத்தைப் பொறுத்தவரை, 1890-இலேயே அதைக் கைவிடுவதாகச் சபை அறிவித்துவிட்டது. இன்றும் அதைப் பின்பற்றுவோர் பிரிந்துபோன தனிக் குழுவினர்.

கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இது யாருடைய விருப்பத்தின் பேரில் நடக்கிறது என்பது. 2012 அக்டோபரில் ஆண்கள் ஊழியத்துக்குப் புறப்படும் வயதை 19-இலிருந்து 18-ஆகச் சபை குறைத்தது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, சொந்தமாக ஒரு வாடகை வீட்டில்கூட வாழ்ந்து பார்த்திராத பையன்கள் இதனால் புறப்படுகிறார்கள். தகுதியும் உடல்வலுவும் உள்ள ஒவ்வோர் இளைஞனிடமும் ஆண்டவர் இந்த ஊழியத்தைக் கேட்கிறார் என்றும், பெண்களுக்கு அது அவரவர் விருப்பம் என்றும் அன்றைய தலைவர் ரசல் நெல்சன் 2022 ஏப்ரலில் அறிவுறுத்தினார். சிறுவயதிலிருந்து இதையே கேட்டு வளர்ந்து, ஊரே கூடி வழியனுப்பி வைத்த பதினெட்டு வயதுப் பையன், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வது காகிதத்தில் மட்டுமே சாத்தியம். கீழ்த்தளத்தில் இருந்தவர்களுள் ஒருவர் தூக்கம் கெட்டு, உடல் மெலிந்து, பாதியிலேயே ஊருக்குத் திரும்பினார். உடம்பு தேறிய பிறகும் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று எனக்கு எழுதியிருந்தார். உடலாலோ மனத்தாலோ இயலாதவர்கள் சொந்த ஊரிலிருந்தபடியே சேவை ஊழியம் செய்யும் ஏற்பாட்டைச் சபை வைத்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தூர தேசத்தில் இரண்டாண்டு முடித்து வந்தவருக்கும் இவருக்கும் ஊர் பார்வையில் உள்ள வித்தியாசத்தை எந்தச் சுற்றறிக்கையும் உடனே போக்கிவிடாது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். சம்பளம், பலதார மணம் பற்றிய இரு வரிகளுக்கும் அதில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால், முழுக்காலமும் முடித்தவர்களோடு, பாதியில் திரும்பியவர்கள் சிலரிடமும் கட்டுரையாளர் பேசிவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்