செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கிளர்ச்சிகளோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராமல் இருந்துவிட்டு அப்புறம் இதை வாங்கிப் படிக்கப்போகும் பெரும்பான்மையினருக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். சுதந்திர நாளிலும் குடியரசு நாளிலும் கொடியேற்றினோம். பொங்கல் விழா நடந்தது, கோலப் போட்டிப் பரிசு பற்றிய வருடாந்திரச் சண்டையும் நடந்தது. மாணவர் பேச்சுப் போட்டி நடந்தது. நூலகத்தில் கரையான் அரித்த அலமாரியை மாற்றினோம். செயற்குழு மாதந்தோறும் கூடியது, கூட்டம் நடத்தப் போதுமான உறுப்பினர்கள் வந்த மாதங்களில் தீர்மானமும் போட்டது.

இனி இந்த ஆண்டின் பெரிய வேலைக்கு வருகிறேன். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து உழவர்களும் பழங்குடிகளும் நடத்திய கிளர்ச்சிகள் பற்றிய தொடர் கூட்டங்களும், அதையொட்டிய படக் கண்காட்சியும். இது நான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த வேலை என்பதை மறைக்கவில்லை. முண்டா பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் 150ஆவது பிறந்த ஆண்டு 2024 நவம்பர் 15 அன்று தொடங்குகிறது, ஏதாவது செய்யலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் சொன்னபோது எல்லோரும் கை தட்டினீர்கள். தட்டியவர்களில் யார் யார் பிறகு கூட்டத்துக்கு வந்தீர்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டுபவர்கள் புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் விமர்சனம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது, அதுவும் டீக்கடை வழியாக. ஒரே தலைப்பில் ஒரு வருடமா, எல்லாமே தோற்றுப்போன சண்டைகள்தானே, கட்டபொம்மனை விட்டுவிட்டு எங்கோ வடக்கே நடந்ததைப் பற்றி நமக்கு என்ன என்கிறார்கள். நேரில் கேட்டிருந்தால் நேரிலேயே பதில் சொல்லியிருப்பேன். கேட்காததால் அறிக்கை இந்த முறை நீளுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தை ஜூன் 30 அன்று வைத்தோம். 1855இல் அதே நாளில்தான் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள போக்னாடி கிராமத்தில் சித்து, கானு, சாந்த், பைரவ் என்ற நான்கு சகோதரர்களின் அழைப்பை ஏற்றுச் சுமார் 10,000 சந்தால் பழங்குடி மக்கள் திரண்டார்கள். ராஜ்மகால் மலையடிவாரக் காட்டைத் திருத்தி நிலமாக்க அவர்களைக் குடியேற ஊக்குவித்ததே கம்பெனி அரசாங்கம்தான். நிலம் விளைய ஆரம்பித்ததும் வரி ஏறியது, பின்னாலேயே வியாபாரியும் வட்டிக்காரரும் வந்தார்கள். சந்தாலிடம் தானியம் வாங்கும்போது பெரிய அளவை, அவருக்கு விற்கும்போது சிறிய அளவை. இவற்றுக்குக் கேனாராம், பேச்சாராம் என்று ஆளுக்கு வைப்பதுபோல் பெயர் வேறு.

இதைப் பலகையில் எழுதி வைத்தால் யார் படிப்பார்கள்? அதனால் கண்காட்சி மேஜையில் இரண்டு படிகளை வைத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் உள்ளடியில் மட்டும் நம் பொருளாளர் மெழுகை உருக்கி ஊற்றியிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் வியாபாரியாகவும் ஒருவர் உழவராகவும் நின்று அரிசியை அளந்து விளையாடினார்கள். ஐந்து படி விற்று, ஐந்து படியே திருப்பி வாங்கிய பிள்ளையின் பாத்திரத்தில் அரிசி குறைந்திருந்தது. “ஐந்தும் ஐந்தும்தானே சார்?” என்று கேட்டவள், படிக்குள் விரலை விட்டு அடியைச் சுரண்டிப் பார்த்து நகக்கண்ணில் ஒட்டிய மெழுகை எல்லோருக்கும் காட்டினாள். அந்த மேஜையை விட்டுப் பிள்ளைகளை நகர்த்தவே முடியவில்லை. நம் உறுப்பினர்கள் ஒரு பத்துப் பேராவது வந்து அதைப் பார்த்திருக்க வேண்டும்.

தோற்றுப்போன சண்டைகள் என்ற பேச்சுக்கு வருவோம். போர்க்களத்தில் தோற்றார்கள், உண்மை. 1855 நவம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்து சந்தால் கிளர்ச்சியை நசுக்கினார்கள், 15,000 பேருக்கு மேல் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆனால் அதே ஆண்டிலேயே சந்தால் பர்கானா என்று தனி நிர்வாகப் பகுதியையும் பிரிக்க வேண்டி வந்தது. 1859இல் வங்காளத்தில் நதியா மாவட்ட உழவர்கள் இனி அவுரி (நீலச்சாயச் செடி) விதைக்க மாட்டோம் என்று நின்றார்கள். அவுரித் தோட்ட முதலாளிகள் முன்பணம் கொடுத்தே உழவரைப் பரம்பரைக் கடனாளியாக்கும் வேலை அது. மறு ஆண்டே அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டு, அவுரி பயிரிடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

1875 மே மாதம் புனே மாவட்டம் சூபாவில் சந்தை கூடிய நாளில் உழவர்கள் வட்டிக்கடைகளுக்குள் புகுந்து கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் எடுத்து வந்து கொளுத்தினார்கள். பத்திரத்தைக் கேட்டதும் கொடுத்துவிட்ட லேவாதேவிக்காரர் மேல் பெரும்பாலும் கை வைக்கவில்லை. அவர்கள் குறி காகிதத்தின் மேல்தான். அதன் பிறகு 1879இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. இந்தப் பகுதியை நான் பேசும்போது பொருளாளர் தன் பேரேட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பலர் பார்த்தார்கள். நம் பேரேட்டைக் கொளுத்தினால் நஷ்டம் உறுப்பினர்களுக்கு இல்லை, சங்கத்துக்குத்தான்! வர வேண்டிய பாக்கி அத்தனையும் அதில்தான் இருக்கிறது.

பிர்சாவின் கதையும் இப்படித்தான் போகிறது. முண்டாக்களின் முன்னோர் காட்டைத் திருத்தி உண்டாக்கிய நிலம், குந்த்கட்டி என்று அந்தக் குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்தது. அது ஜமீன்தார்கள் கைக்கும் கான்டிராக்டர்கள் கைக்கும் போனது, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கூலியில்லாத வெட்டி வேலைக்கு ஆளானார்கள். 1899 டிசம்பரில் தொடங்கிய உல்குலான் கிளர்ச்சி 1900 ஜனவரியில் டோம்பாரி மலைத் துப்பாக்கிச் சூட்டோடு ஒடுங்கியது. பிப்ரவரியில் பிடிபட்ட பிர்சா ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தார், 25 வயது கூட நிரம்பவில்லை. காலரா என்று எழுதினார்கள். 1908இல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் குந்த்கட்டி உரிமையை ஏற்றுக்கொண்டது. பழங்குடி நிலத்தை வெளியார் வாங்குவதற்கு எதிராக இன்று வரை ஜார்க்கண்டில் அந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதை முழுத் தோல்வி என்று எழுதுபவர்கள் எழுதட்டும், என் அறிக்கையில் எழுத மாட்டேன்.

வடக்கே நடந்தது நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரம்பா கிளர்ச்சி நடந்த, இன்றைய ஆந்திரத்து மலைகள் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தவை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம்தான் அங்கே மலைமக்கள் காட்டை எரித்து இடம் மாற்றி மாற்றிச் செய்யும் போடு சாகுபடியில் கை வைத்தது, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தடை போட்டது. கூடவே அற்பக் கூலிக்கு மலைச்சாலை போடும் வேலை. 1922 ஆகஸ்ட் 22 அன்று சிந்தப்பள்ளி காவல் நிலையம், அடுத்த இரண்டு நாட்களில் கிருஷ்ணதேவிபேட்டை, ராஜவொம்மங்கி. அல்லூரி சீதாராம ராஜுவும் ஆட்களும் வரிசையாகப் புகுந்து துப்பாக்கிகளை எடுத்துப் போனார்கள். எடுத்ததை நிலையப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார் ராஜு என்று சொல்வார்கள். காவல் நிலையத்தில் துப்பாக்கி எடுத்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நம் நூலகத்தில் புத்தகம் எடுக்கும் மூத்த உறுப்பினர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

மாப்பிள்ளைமார் எனப்படும் மலபார் முஸ்லிம்களின் கிளர்ச்சிப் பலகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எடுத்துவிடும்படி இரண்டு தரப்பும் கேட்டன, இரண்டும் வெவ்வேறு காரணத்துக்காக. நான் எடுக்கவில்லை. மலபார் குத்தகைக்காரர்களை நினைத்தபோது நிலத்திலிருந்து கிளப்பிவிட முடிந்த நிலைமை, கிலாபத் இயக்கம், 1921இல் வெடித்த பிறகு அப்பாவி இந்துக்கள் கொல்லப்பட்டதும் கட்டாய மதமாற்றங்களும், பிறகு ராணுவம் செய்தது என எல்லாமே அதில் இருந்தன. ஒன்றை வைத்து ஒன்றை மறைக்கவில்லை. அதே பலகையின் கீழ்ப்பகுதியில் போத்தனூர். 1921 நவம்பரில் திரூரில் சுமார் 100 கைதிகளைக் காற்றுப் போகாத ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டி ரயிலில் அனுப்பினார்கள். பெட்டியைப் போத்தனூரில் திறந்தபோது பாதிக்கு மேல் பிணம். போத்தனூரில் எத்தனை முறை ரயில் மாறியிருக்கிறோம் என்று ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் நம் உறுப்பினர் கூட இல்லை.

பலகைகளை வைக்க இடம் தருவதாகச் சொன்ன ஒரு பள்ளி நிர்வாகம் முதல் நாள் மாலை மனதை மாற்றிக்கொண்டது. அப்புறம் திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தோம். எதுவும் எழுத வேண்டாம் என்று தலைவர் சொன்னார், அதனால் இவ்வளவோடு விடுகிறேன்.

பெருங்காமநல்லூர்ப் பயணம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற ஊர், நம் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். உழுது பிழைக்கும் எங்களுக்கு ரேகை எதற்கு என்று அந்த ஊர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அவர்களில் ஒருவர். களத்தில் தோற்றாலும் சட்டம் மாறியது என்று நான் மேலே சொன்ன கணக்கு இங்கே மட்டும் ஒத்துவரவில்லை. சட்டம் அசையவில்லை, 1947 வரை இருந்தது, சுட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைவுத்தூணில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தோம். வேன் நிறையப் பேர் கொடுத்திருந்தார்கள், பாதி இருக்கை காலி. வேன்காரர் காலி இருக்கைக்குக் கழித்துக்கொள்ளவில்லை. “கல்யாணம் இருந்தது”, “முட்டி வலி”, “நீங்கள் திரும்ப போன் பண்ணவில்லையே” என்று மறுநாள் வந்த காரணங்களை வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் படித்திருப்பீர்கள்.

கணக்கை விவரமாகப் பொருளாளர் வாசிப்பார். என் பங்குக்குச் சுருக்கமாக: சென்ற ஆண்டு இருப்பு கொஞ்சம் இருந்தது, இந்த ஆண்டு வரவு அதைவிடக் கொஞ்சம், செலவு இரண்டையும் சேர்த்ததைத் தொட்டுவிட்டது. பலகைகளுக்குப் பெரும் தொகை போனது என்ற பேச்சு சரியில்லை. மரச்சட்டம் நன்கொடையாக வந்தது, எழுத்தும் படமும் நம் பிள்ளைகள் வரைந்தவை, ஃபிளெக்ஸ் அடித்திருந்தால்தான் செலவு. பணம் போனது வேனுக்கும் மண்டபத்துக்கும் கரையான் மருந்துக்கும். உண்மையான ஓட்டை சந்தா பாக்கிதான். மூன்று வருடமாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் செலவுக் கணக்கைப் பற்றி மிக நுணுக்கமாகக் கேள்வி கேட்பவர்கள். ரூபாயாகக் கேட்ட வரியைக் கட்ட மாட்டோம் என்று 1812இல் வயநாட்டுக் குறிச்சியர் பழங்குடியினர் வில்லெடுத்த கதையைச் செப்டம்பர் கூட்டத்தில் பேசினேன். அதைக் கேட்டு ஊக்கம் பெற்றுச் சந்தாவை நிறுத்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். குறிச்சியர் தானியமாகத் தரத் தயாராக இருந்தார்கள். அவரிடமிருந்து இதுவரை நெல்லும் வரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், மண்டப உரிமையாளர், படம் வரைந்த பிள்ளைகள், அவர்களை அனுப்பிய ஆசிரியர்கள், ஒலிபெருக்கி தந்தவர், தண்ணீர் கேன் போட்டவர். யாரையாவது விட்டிருந்தால் அவர்களுக்கும்.

அடுத்த ஆண்டுக்கு: கட்டபொம்மன் எங்கே என்று கேட்டவர்களுக்காகவே 1801ஐ எடுக்கலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதோடு பாளையக்காரர் போர் முடிந்துவிடவில்லை. சின்ன மருது, விருப்பாட்சி கோபால நாயக்கர், மலபார், மைசூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லாம் சேர்ந்த கூட்டணி, 1801 ஜூனில் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய அறிக்கை, அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு, பிறகு பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள் என்று பேச நிறைய இருக்கிறது. அந்தப் போரில் பாளையக்காரரோடு நின்ற உழவர்கள் யார், அவர்கள் எதற்காக நின்றார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு ஆசை. காளையார்கோயிலுக்கும் திருப்பத்தூருக்கும் ஒரு பயணம் போடலாம். இந்த முறை பெயர் கொடுக்கும்போதே வேன் காசையும் கொடுத்துவிட வேண்டும்.

செயலாளர் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கத் தயார், சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், அறையில் எல்லோரும் கூரையைப் பார்த்தீர்கள். அது போகட்டும். இப்போதைக்கு ஒரே ஒரு உதவி. பலகைகள் எல்லாம் என் வீட்டு முன்னறையில் அடுக்கி வைக்கப்பட்டு, கதவு பாதிதான் திறக்கிறது. வீட்டில் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒழுகாத ஒரு அறை தரக்கூடியவர்கள் பொருளாளரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல வரும்போது சந்தாவையும் கையோடு கொண்டுவந்தால் ரசீது உடனே கிடைக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்