‘புரிஞ்சுச்சா?’ என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், எங்கள் அப்பத்தா வளவில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கூப்பிட்டால் வாய் குழறுகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி ஓடிவந்து சீனியைக் கரைத்துக் கொடுக்க, நான் மீட்டரில் பார்த்தேன், 54. சர்க்கரை 70க்குக் கீழே போனாலே ஆபத்து.

அன்றைக்கு அவருக்கு விரதம். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை, ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல ஏழரைக்கே போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், “ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே” என்கிறார். சொன்னதை அப்படியே கேட்டு நடந்திருக்கிறார், அதுதான் எனக்கு மனசே ஆறவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும் என்பதை அந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. “புரிஞ்சுச்சா?” என்றார்கள், “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒரு பக்கம், தனியார் டாக்டர் எழுதி மருந்துக்கடையில் வாங்கிய அதே அம்லோடிபின் வேறொரு பெயரில் இன்னொரு பக்கம். இரண்டையும் தினமும் போட்டு வந்திருக்கிறார். கால் வீங்கியதற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம், நாங்கள் வயசு என்று விட்டுவிட்டோம். கத்தரித்துக் கொடுத்த அட்டைகளில் பாதி பெயர்தான் இருக்கிறது, காலாவதித் தேதி கடையில் நின்ற மிச்ச அட்டையோடு போய்விட்டது.

இதைப் படிப்பறிவில்லாத குறை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்பத்தா பஞ்சாங்கம் பார்ப்பார், வட்டிக் கணக்கை வாயாலேயே போடுவார். மருந்துச் சீட்டில் இருப்பது இங்கிலீஷ், சொல்லுகிற சொல்லும் வேறு. எங்கள் பக்கத்தில் காலையில் சாப்பிடும் இட்லிக்குப் பெயர் பலகாரம், சாப்பாடு என்றால் மத்தியானச் சோறு. “சாப்பாட்டுக்கு முன்னாடி” என்று சொன்னால் மாத்திரை பன்னிரண்டு மணிக்குத்தான் உள்ளே போகும். வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவார்கள், காப்பி அவர்கள் கணக்கில் சாப்பாடே இல்லை. “பிரஷர் நார்மல்” என்றால் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான் என்று அப்போதே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன?

செட்டிநாட்டில் எத்தனையோ பெரிய வீடுகளில் வயதானவர்கள் தனியாகத்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. சீட்டைப் படித்துச் சொல்ல ஆளில்லை. டாக்டரிடம் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்ற நினைப்பு வேறு. டாக்டர்களுக்கும் நேரமில்லை, வாசலில் நிற்கிற வரிசையை நானும்தான் பார்க்கிறேன். ஆனாலும் “புரிஞ்சுச்சா?” என்பதற்குப் பதிலாக, “வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டால் ஒரு நிமிஷம்தான் கூட ஆகும், எங்கே தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். மாத்திரைக் கவரில் 1-0-1 என்று கிறுக்காமல் காலை, இரவு, பலகாரத்துக்கு முன், பின் என்று தமிழில் பெரிதாக எழுதட்டும். அப்புறம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் அக்காமார் இருக்கிறார்களே, அவர்கள் உள்ளூர்ப் பேச்சு பேசுகிறவர்கள், கூச்சமில்லாமல் கேட்கலாம். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அப்படியே போகாமல், டப்பாவைத் திறந்து பார்த்து, எது எதற்கு என்று கேட்டுவிட்டுப் போக அவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி அப்பத்தாவை உட்காரவைத்து ஒவ்வொரு மாத்திரையாகக் கையில் கொடுத்துச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் எல்லாம் சரியாக வந்தது. விரதத்தன்று சுகர் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் அவரே கேட்கப் போகிறாராம், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி